எனக்கு ஹாரன் கேட்டது

"நான் கழட்டச் சொன்னேம்பா. அவருதான் கேக்கல."

இந்த இரண்டு வாக்கியங்களால் ஒரு மனிதரின் பிழைப்பைப் பறித்தேன். இரண்டுமே பொய். கழற்ற வேண்டும் என்று சொன்னவர் அவர், கேட்காதவன் நான். அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது. இயற்பியலில் பட்டம் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சொன்ன இடம் விழுப்புரத்தில் எங்கள் லாரி ஷெட். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. பயத்தில் வாய் உளறிவிட்டது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். பயம் இருந்தது உண்மை. ஆனால் பயத்தைவிட அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் அதிகமாக இருந்தது. அவர் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்ற கோபம். இன்று அந்தக் கோபம் முழுவதும் என் மேல்தான் இருக்கிறது. வயதானதால் அது ஒன்றும் குறையவில்லை.

அறுபதுகளின் ஆரம்பம். அப்பாவிடம் இரண்டு லாரிகள் இருந்தன. கரும்பு வெட்டும் மாதங்களில் காணை, திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து வயல்களிலிருந்து ஆலைக்குக் கரும்பு போகும். நடுவில் சரக்குக் கிடைத்தால் திண்டிவனத்துக்கு மல்லாட்டை மூட்டை; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பெரிய லாரியின் பின்னால் ஒரு டிரெயிலரையும் மாட்டி, ஒரு நடையில் ஒன்றரை நடை பாரத்தை இழுக்க வைத்தார் அப்பா. அந்த வண்டியை ஓட்டியவர் நாற்பதைத் தாண்டியவர். விக்கிரவாண்டிப் பக்கத்து ஊர்க்காரர். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். பதினைந்து வருஷமாக லாரி ஓட்டியவர். படிப்பு என்றால் எழுத்துக்கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான்.

டிரெயிலரோடு பாரம் இழுத்தால் வண்டி சூடேறும். எஞ்சின் சூட்டைக் காட்ட ஒரு முள் இருந்தது. கியர்பாக்ஸுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதற்கு இவருடைய உள்ளங்கைதான். எட்டு மைலுக்கு ஒருதரம் வண்டியை ஓரங்கட்டுவார். கேபினின் தரைப்பலகையைத் தூக்கி, அடியில் இருக்கும் கியர்பாக்ஸ் மேல் கையை வைத்து வாய்விட்டு எண்ணுவார். பத்துவரை கை பொறுத்தால் வண்டி கிளம்பும். ஆறிலோ ஏழிலோ கையை இழுத்துக்கொண்டால், தண்ணீரில் முக்கிய கோணியை அதன் மேல் போர்த்திவிட்டு இறங்கி பீடி பற்றவைப்பார். பதினைந்து நிமிஷம் நிற்பார். ஆலை வாசலில் நாற்பது வண்டி முந்திக்கொண்டு நின்றாலும் சரி, பதினாலாவது நிமிஷத்தில் கிளம்ப மாட்டார்.

மற்ற டிரைவர்கள் கடந்து போகும்போது வேகத்தைக் குறைத்துக் கத்துவார்கள்: "என்னா டாக்டரே, காய்ச்ச எறங்கிச்சா?"

"எறங்கிக்கினு இருக்குது. உன் வண்டிக்கும் பாக்கணும்னா வா. பீசு ஒரு டீ."

அவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். நடைகளின் கணக்கைப் பார்க்க அப்பா என்னை வண்டியோடு அனுப்புவார். டிரைவர் நிற்கும் ஒவ்வொரு கால்மணி நேரமும் என்னை அவமதிப்பதாகத் தோன்றும். ஒருநாள் ஷெட்டில் நாலு பேர் முன்னால் அவருக்குப் பாடம் நடத்தினேன். மனிதத் தோல் தாங்காத சூட்டை இரும்பு சாதாரணமாகத் தாங்கும், உங்கள் கை சுட்டால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும் என்று அர்த்தமில்லை, இது மூடநம்பிக்கை என்றேன். மூடநம்பிக்கை என்ற சொல்லை நான் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. "இரும்பு தாங்கும் தம்பி, யாரு இல்லன்னா? உள்ள இருக்கிற எண்ணெ தாங்கணுமே. சூடேற ஏற அது தண்ணியா பூடும். அப்பறம் பல்லும் பல்லும் வெறும் வாயில மெல்லும்."

பக்கத்தில் டயர் உருட்டிக்கொண்டிருந்தவன், "காலேஜில எண்ணெ பாடம் எடுக்கறதுக்குள்ள லீவு வுட்டுட்டாங்க போல" என்றான். ஷெட்டே சிரித்தது. அவரும் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் அல்ல, ஆனால் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்தேன்.

தை மாசத்தில் ஒருநாள், டிரெயிலர் மாட்டாமல் போயிருந்த பெரிய லாரி திண்டிவனத்தில் மல்லாட்டை மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது எஞ்சினுக்குள் ராடு உடைந்து நின்றுவிட்டது. பழைய வண்டி; அதில் டிரைவர் தப்பு எதுவும் இல்லை என்று அப்பாவே சொன்னார். சின்ன லாரியைக் கொண்டுபோய் அதை விழுப்புரத்துக்கு இழுத்துவர வேண்டும். சின்ன லாரியின் டிரைவர் மனைவியின் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். என்னிடம் லைசென்ஸ் இருந்தது. நானே போகிறேன் என்றேன்.

அப்பா சொல்லியனுப்பியது ஒன்றுதான். "மூணு மணிக்குள்ள இந்தச் சின்ன வண்டி காணையில நிக்கணும். ஆலையோட வெட்டு உத்தரவு இன்னிக்கித் தேதிக்கு. கரும்ப வெட்டிப் போட்டுட்டு உக்காந்துக்கினு இருக்கான் அந்த மனுசன்." வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் எடை போய்விடும். அவசரம் என்றால் உண்மையான அவசரம்தான். அதை நான் மறுக்கவில்லை.

திண்டிவனத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. நின்ற லாரியின் அடியில் மல்லாந்து படுத்து ஸ்பேனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் அவர். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் நீண்ட இரும்புத் தண்டு, ஷாஃப்ட் என்பார்கள், அதைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான்கு போல்ட்டுகளும் துருப்பிடித்து இறுகியிருந்தன.

"இன்னும் எவ்ளோ நேரம்?" என்றேன்.

"ஒரு மணி நேரம் புடிக்கும் தம்பி. ரெண்டு அசைஞ்சிருக்குது, ரெண்டு மக்கர் பண்ணுது."

"எதுக்குக் கழட்டணும்? நியூட்ரல்ல போட்டு இழுத்தா போதாதா?"

அவர் வெளியே வந்து உட்கார்ந்தார். மூக்கெல்லாம் மசி. "நியூட்ரல்ல போட்டா எஞ்சின் சுத்தாது. ஆனா பின்சக்கரம் சுத்தும்ல? அது ஷாஃப்ட்ட சுத்த வெக்கும். ஷாஃப்ட்டு கியர்பாக்ஸ்ல மேல இருக்கற தண்ட சுத்த வெக்கும். கீழ இருக்கற பல்லுங்க நிக்கும். அதுங்கதான் எண்ணெய மேல வாரி அடிக்கறது. அதுங்க நின்னா மேல சொட்டு எண்ணெ போவாது. காஞ்சிக்கினே சுத்தும். இருவத்திமூணு மைலு சுத்துனா எரிஞ்சிபூடும்."

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லாது. நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நான் கேட்டது அவர் சொன்னதை அல்ல. அதற்குள் இருப்பதாக நான் நினைத்துக்கொண்ட ஏளனத்தை. பாரம் இல்லாமல் சும்மா சுற்றும் பொருளுக்குச் சூடு எங்கிருந்து வரும் என்றேன். உராய்வு அழுத்தத்தைப் பொறுத்தது, அழுத்தமே இல்லையே என்றேன். இங்கிலீஷில் இரண்டு சொற்களும் போட்டேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. இப்பிடி எரிஞ்சத ரெண்டு வாட்டி பாத்திருக்கேன்."

"வண்டி யாரோடது?"

அவர் ஸ்பேனரைத் துணியால் துடைத்தார்.

"வண்டி யாருதுன்னு கேட்டேன் டிரைவரே."

"உங்குளுதுங்க."

அந்த 'ங்க' அதுவரை அவர் வாயில் எனக்கு வந்ததில்லை. தம்பி என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அது வெற்றியாகத் தெரிந்தது.

அசைந்த இரண்டு போல்ட்டுகளையும் திரும்ப முடுக்கினார். பிறகு ஒன்று சொன்னார். "அப்ப அஞ்சு மைலுக்கு ஒருதரம் நிக்கணும். நான் ஹாரன் அடிப்பேன். மூணு அடி. அடிச்சா நிறுத்தணும். கை வெச்சிப் பாத்து ஆற வெச்சிக்கினு போவலாம். இதாவது கேளுங்க." சரி என்றேன். இரும்புக் கம்பியால் இரண்டு வண்டிகளையும் பிணைத்தோம். முன்வண்டியில் நான். உயிரில்லாத பின்வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர்.

ஐந்து மைல் போனதும் ஹாரன் கேட்டது. மூன்று அடி. நிறுத்தினேன். பலகையைத் தூக்கிக் கையை வைத்தார். நாலுக்கு மேல் எண்ணவில்லை. கோணியை நனைக்கத் தண்ணீர் தேடிப் பக்கத்துக் கழனிக்கு நடந்தார். மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "என்னாங்க, மாட்டக் கட்டி இழுக்கறாப்பல வண்டியக் கட்டி இழுத்துக்கினு போறீங்க?" என்று கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். "கெழட்டு மாடும்மா, கொஞ்சம் தண்ணி காட்டணும்" என்று அவரும் பதில் சொன்னார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ரோட்டில் நின்றேன். இருபது நிமிஷம் போயிற்று. "இன்னும் கொஞ்சம் ஆறட்டும்" என்றார். இருபத்தைந்தாவது நிமிஷத்தில் நான் ஏறி எஞ்சினைக் கிளப்பிவிட்டேன். அவர் ஓடிவந்து ஏறினார்.

கூட்டேரிப்பட்டில் மயிலம் ரோடு பிரியும் இடத்தைத் தாண்டியதும் மறுபடியும் ஹாரன். மூன்று அடி.

எனக்குக் கேட்டது. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், அதனால் திரும்பவும் எழுதுகிறேன்: எனக்குக் கேட்டது. வெயிலோ, காற்றோ, எஞ்சின் சத்தமோ எதுவும் அதை மறைக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அவர் ஒரு கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தார். காணையில் கரும்பு காய்கிறது என்று நினைத்தேன்; அது கால்வாசி. அந்த மனிதர் சொன்ன இடத்திலெல்லாம் நான் நிற்க வேண்டுமா என்று நினைத்தேன், அது முக்கால்வாசி. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். மறுபடி மூன்று அடி. கொஞ்ச தூரம் போய் மறுபடி மூன்று. பிறகு நிறுத்தாமல் ஒரே நீளமாக அலற ஆரம்பித்தது. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர்கள் பயந்து ஒதுங்கினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

விக்கிரவாண்டிக்கு இரண்டு மைல் இருக்கும்போது பின்னாலிருந்து ஒரு இடி. கியர்பாக்ஸ் இறுகிப் பின்வண்டியின் சக்கரங்கள் அப்படியே பூட்டிக்கொண்டன. ரப்பர் தீயும் நாற்றம். இரண்டு வண்டிகளும் கோணிக்கொண்டு இழுபட்டன; கம்பியை மாட்டியிருந்த ஆணி முறிந்தது. நான் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது பெரிய லாரி ரோட்டைவிட்டு இறங்கி ஒரு பனைமரத்தில் மோதி நின்றிருந்தது.

அவர் தானாகவே இறங்கினார். ஸ்டியரிங்கில் முகம் மோதியிருந்தது. முன்பல் இரண்டு இல்லை. ரத்தம் சட்டையில் வழிந்தது. என்னைப் பார்க்கவே இல்லை. நேரே வண்டிக்குள் ஏறிப் பலகையைத் தூக்கினார். புகை வந்தது. அதற்கப்புறம்தான் திரும்பினார்.

"காது செவுடா உனக்கு?"

அவர் ரத்தத்தைத் துப்பினார்.

"பிரேக்க ஒரே மிதியா மிதிச்சி உன்ன நிறுத்தியிருப்பேன். உன் வண்டி கோணிக்கினு கவுந்து நீ செத்துடுவன்னு பாத்தேன். தப்பு பண்ணிட்டேன்."

மறுநாள் காலையில் மெக்கானிக் போய் ஷாஃப்ட்டைக் கழற்றி, பெரிய லாரியை ஷெட்டுக்கு இழுத்துவந்தார். அப்பா மேஜைக்கு முன்னால் நின்றிருந்தார். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர். டிரைவர் வாயில் துண்டை அழுத்திக்கொண்டு ஒரு ஓரத்தில் நின்றார். மெக்கானிக் சொன்னார்: "ஷாஃப்ட்ட கழட்டாமலே இழுத்திருக்காங்க மொதலாளி. கியர்பாக்ஸு போச்சி."

அப்பா என்னைப் பார்த்தார். "ஏன்டா கழட்டல?"

அப்போதுதான் அந்த இரண்டு வாக்கியங்களையும் சொன்னேன்.

டிரைவர் துண்டை எடுத்தார். "தம்பி, எம்மூஞ்சப் பாத்துச் சொல்லு." நான் அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பாத்துச் சொல்லுன்றேன்! டேய்! எத்தினி வாட்டிடா ஹாரன் அடிச்சேன்?"

அந்த 'டேய்'தான் எனக்குச் சாதகமாகிவிட்டது. அப்பா மேஜையை அறைந்தார். "யார்ரா டேய்? என் ஷெட்டுல நின்னுக்கினு எம் புள்ளைய டேய்ன்றியா?" அதற்கப்புறம் யாரும் ஷாஃப்ட்டைப் பற்றிப் பேசவில்லை. கூட்டம் முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டது. முதலாளி மகனை அப்படிச் சொல்லலாமா, சோறு போட்ட இடத்தில் சொல்லலாமா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார், ஹாரன் அடித்தேன், ஹாரன் அடித்தேன் என்று. பல் போன வாயில் அது சரியாகக்கூட வெளியே வரவில்லை.

டிரைவர்களின் லைசென்ஸை முதலாளிகள் வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்துக்கொள்வது அன்றைய வழக்கம். அப்பா அதை எடுத்து மண்ணில் எறிந்தார். "பொறுக்கிக்கினு போ."

லைசென்ஸ் கையில் இருந்தால் வேறு வண்டி கிடைத்துவிடும் என்று வெளியாட்கள் நினைக்கலாம். கிடைக்காது. புது டிரைவர் வந்தால் எந்த முதலாளியும் முதலில் கேட்பது, எவன் வண்டியில் இருந்தாய் என்பதுதான். பிறகு அங்கே ஆளனுப்பி விசாரிப்பார். அப்பாவிடம் நாலைந்து பேர் ஆளனுப்பினார்கள். அப்பா எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னார்: "கியர்பாக்ஸ எரிச்சவன். மொதலாளி புள்ளைய டேய்ன்னவன்." பக்கத்து அறையில் உட்கார்ந்து நான் அதை ஒவ்வொரு தடவையும் கேட்டேன். காலையில் டிரைவர்கள் வேலைக்காக நிற்கும் மூலையில் துணிப்பையோடு அவர் சில மாதங்கள் நின்றார். அப்புறம் காணவில்லை.

கியர்பாக்ஸை மெக்கானிக் பிரித்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேலே இருந்த தண்டு நீலமும் கறுப்புமாக எரிந்து, உறையோடு ஒட்டிக்கிடந்தது. கீழே இருந்த பற்கள் எண்ணெய்க்குள் புதுசு மாதிரி பளபளத்தன. அவர் திண்டிவனத்தில் சொன்னது வரிக்கு வரி அங்கே கிடந்தது. மெக்கானிக் என் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஷெட் வேலைதான் அவருக்குச் சோறு. அன்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டு வருஷம் கழித்துத் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மில்லுக்குச் சரக்கு விஷயமாகப் போனேன். பாய்லருக்கு மல்லாட்டைத் தொலியைக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார் அவர். இடுப்பில் ஒரு கோவணம்தான். மார்பெல்லாம் கரி. என்னை முதலில் பார்த்தவர் அவர்தான். கூடையைக் கீழே வைக்கவில்லை.

பக்கத்தில் போய்ச் சொன்னேன். நான் பொய் சொன்னேன், ஹாரன் எனக்குக் கேட்டது, தப்பு முழுவதும் என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். இரண்டு வருஷமாக மனசுக்குள் எழுதி வைத்த வாக்கியங்கள். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

அவர் கூடையைத் தீயில் கொட்டிவிட்டுத் திரும்பினார். "எங்கிட்ட எதுக்கு வந்து சொல்ற? எனக்குத் தெரியாதா இது? தெரியாதவன்கிட்ட போய்ச் சொல்லு. எந்த ஷெட்டுல சொன்னியோ அந்த ஷெட்டுல போய்ச் சொல்லு. இங்க வந்து அழுதுக்கினு நிக்காத. தொலி நனையும்."

மறுநாள் காலையில் ஷெட்டுக்கு எதிரே டீக்கடையில் டிரைவர்களும் இரண்டு முதலாளிகளும் உட்கார்ந்திருந்தபோது போய் நின்று சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பிறகு ஒரு முதலாளி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்யா" என்றார். "அந்தாளு கஷ்டப்படறான்னு கேள்விப்பட்டு பழிய தம்மேல போட்டுக்கறாரு பாரு. இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்த மனசு?"

"இல்லங்க. நெசமாவே நான்தான்."

"தெரியுது தம்பி, தெரியுது" என்று என் தோளைத் தட்டினார். டீக்கு என்னிடம் காசு வாங்க வேண்டாம் என்று கடைக்காரருக்குச் சைகை செய்தார். நான் எவ்வளவு சொல்கிறேனோ அவ்வளவு பெரிய மனிதனாகிக்கொண்டிருந்தேன். நான் கத்தினேன். கத்தியதையும் நல்ல மனசின் வேகம் என்றார்கள்.

இந்தச் செய்தி திண்டிவனத்துக்குப் போய்விட்டது. நாலாவது நாள் அவர் பஸ் ஏறி வந்து, எங்கள் தெருமுனையில் என் சட்டையைப் பிடித்தார். "என் பேரச் சொல்லி நல்ல பேரு வாங்கிக்கினியா நீ? ரெண்டு பல்லு, ரெண்டு வருசம் என்னுது. பேரு உனக்கா?" பிடித்த சட்டையை விடாமல் என்னை இழுத்தார். "வா உங்கப்பன்கிட்ட. நானும் நிக்கறேன். என் எதுர்ல சொல்லு."

அப்பா வீட்டு முன்னறையில் இருந்தார். டிரைவர் என் பக்கத்தில் நிற்க, அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஆச்சரியப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடக்கினார்.

"தெரியும்டா."

எனக்குப் புரியவில்லை. "என்ன தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். ஷாஃப்ட்ட கழட்டணும்னு சொல்ற அளவுக்கு உனக்கு வெவரம் ஏது? அவன் கழட்டாம இழுக்கற ஆளா?" டிரைவரைப் பார்க்காமலே பேசினார். "அத்தினி பேரு எதுர்ல எம் புள்ளைய நான் பொய்யன்னு சொல்ல முடியுமா? மறுபடி நம்ம வண்டி ஓட்டணும்னா இப்பக்கூட வரச் சொல்லு."

நான் டிரைவர் முகத்தைப் பார்த்தேன். என் பொய்யைக் கேட்டபோதுகூட அது அப்படி ஆகவில்லை. "அப்ப தெரிஞ்சிக்கினேதான் நாலு பேருக்கும் அப்பிடிச் சொல்லியனுப்புனீங்களா?" என்றார். அப்பா மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "உங்க வண்டில ஏற மாட்டேன். வெளிய வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"அது நடக்காது" என்றார் அப்பா.

வாழ்க்கையில் முதல்முறையாக அப்பாவை எதிர்த்துக் கத்தினேன். எவ்வளவு கத்தினேன் என்று நினைவில்லை. அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தது நினைவிருக்கிறது. பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு டிரைவரோடு வெளியே வந்தேன். அன்றும் அடுத்த நாளும் லாரி வைத்திருந்த ஒவ்வொருவரிடமும் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை என் மனசைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "எங்கப்பாவுக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சே இவர் பேரக் கெடுத்தாரு. இப்ப எங்கிட்டயே ஒத்துக்கினாரு" என்று மட்டும் சொன்னேன். விழுப்புரத்தில் இரண்டு பேர் எங்களை வாசலிலேயே நிறுத்தி அனுப்பினார்கள். அப்பாவைப் பகைத்துக்கொள்ள முடியாது என்று ஒருவர் நேராகவே சொன்னார். விக்கிரவாண்டியில் ஒற்றை லாரி வைத்திருந்த ஒருவர் மட்டும் முழுவதையும் உட்கார்ந்து கேட்டார். "பெத்த அப்பன எவனும் சும்மா இப்பிடிச் சொல்ல மாட்டான்" என்றார். டிரைவரிடம் கையை நீட்டி, "லைசென்ஸக் குடு" என்றார்.

வெளியே வந்ததும் எனக்கு ஒரு அற்பமான எதிர்பார்ப்பு இருந்தது, அதையும் மறைக்கவில்லை. அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னார்.

"முடிஞ்சிதா? பெரியவ மூணாங்கிளாஸு படிச்சிக்கினு இருந்தா. நிறுத்தி மல்லாட்டை உடைக்க வுட்டேன். அத எந்த ஷெட்டுல போய்ச் சொல்லுவ?" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "இனிமே என் எதுர்ல வராத."

அவர் அந்த வண்டியைப் பல வருஷம் ஓட்டினார். அப்பா என்னை ஷெட்டுக்கு வர வேண்டாம் என்றார். அவர் சாகும்வரை எங்களுக்குள் அம்மா வழியாகத்தான் பேச்சு. இரண்டு வருஷம் கழித்து நான் திண்டிவனத்தில் பள்ளிக்கூட வாத்தியாரானேன். டிரைவரின் பெரிய பெண்ணைத் திரும்பப் பள்ளியில் சேர்த்தால் புத்தகம், உடுப்பு, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லியனுப்பினேன். பதில் ஒரு வாரத்தில் வந்தது. சின்னவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதான் இருந்தாள். பெரியவளைப் பற்றி அவர் கேட்டனுப்பியதை அந்த ஆள் அப்படியே என்னிடம் சொன்னார்:

"பன்னெண்டு வயசுப் பொண்ண எட்டு வயசுப் புள்ளைங்களோட குந்த வெக்கச் சொல்றானா அவன்?"